ஃப்ளாக் கிடைத்துவிட்டது, உரிமை கிடைத்ததா?

எடிட்டிங் வேலையில் இருப்பவர்களுக்குப் பின்னணி இசை தீராத தலைவலி. எம்பி3-ஐ டைம்லைனில் போடுகிறோம். எக்ஸ்போர்ட்டில் அது மறுபடி சுருங்குகிறது. யூடியூப் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்குகிறது. முதலில் அடிபடுவது சிம்பல் ஓசையும் வயலின் மேல் ஸ்தாயியும்தான். அதனால் கையில் எடுக்கும் முதல் ஃபைலாவது, ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவில் இருக்கட்டும். சிடி தரம் துளியும் குறையாது, அளவு மட்டும் ஏறக்குறையப் பாதியாகும்.

இலவசமாகத் தேட முதல் இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ். 2002-ல் தொடங்கிய அதன் 'லைவ் மியூசிக் ஆர்க்கைவ்' பிரிவில், இசைக்குழுக்களின் சம்மதத்தோடு சேர்த்த கச்சேரிகள் குவிந்து கிடக்கின்றன. கேட்கச் சொர்க்கம், கிளையன்ட் வேலைக்கு உதவாது. லாப நோக்கமில்லாமல் கேட்கவும் பகிரவும் மட்டுமே அனுமதி. கிரேட்ஃபுல் டெட் குழுவின் சவுண்ட்போர்டு பதிவுகளை இறக்கவே முடியாது, அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. இசையமைப்பாளர் பாக் 1750-லேயே போய்விட்டார், அவர் இசை பொதுச்சொத்து; அதை நேற்று வாசித்துப் பதிந்தவரின் பதிவு அப்படியல்ல. இரண்டு பூட்டும் திறந்திருக்கும் நல்ல உதாரணம், அதே பாக்கின் இசையைக் கிமிகோ இஷிசாகா பியானோவில் வாசித்த 'ஓப்பன் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. மக்களிடம் நிதி திரட்டிப் பதிவுசெய்து, 2012-ல் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ (கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ) உரிமத்தில் விட்டார்கள். விளம்பரத்துக்கும் தாராளமாகப் போடலாம். மற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'என்சி' (வணிகத்துக்கு அல்ல) என்றிருந்தால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு ஆகாது. 'என்டி' (மாற்றியமைக்கக் கூடாது) என்றிருந்தால் வீடியோவோடு சேர்க்கவே கூடாது.

பழைய சினிமாப் பாட்டு? நம் இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஆனால் கவிஞரும் இசையமைப்பாளரும் மறைந்த பிறகு 60 ஆண்டு என்பது தனிக்கணக்கு. ஆர்க்கைவில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் அனுமதி ஆகிவிடாது. பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளை ஏற்றியதற்காக 2023-ல் பெரிய இசை நிறுவனங்கள் ஆர்க்கைவ் மீதே வழக்குப் போட்டன.

இறக்கியதும் ஃபைலை ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் காலியாக இருந்தால், எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றி ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். (பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது; மேல் அலைவரிசை அதில் முதலிலிருந்தே கிடையாது.) ஆர்க்கைவில் 'ஷோ ஆல்' அழுத்தி, ஃபைல்ஸ் எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் எது 'ஒரிஜினல்' (ஏற்றியவர் தந்தது), எது 'டெரிவேட்டிவ்' (அதிலிருந்து ஆர்க்கைவ் மாற்றியது) என்றும் தெரியும்.

உரிமம் தெரியும்படி அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புராஜெக்ட் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள். யூடியூப்பில் காப்புரிமைக் கோரிக்கை வந்து, கிளையன்ட் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் அடித்தால், அனுப்ப ஏதாவது கையில் இருக்கும்.