விண்ணிலிருந்து பயிரின் தண்ணீர்க் கணக்கு

பயிர் எவ்வளவு தண்ணீர் எடுத்துக்கொண்டது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்தே கணக்கிடலாம் என்றால் சிலர் துளியும் நம்புவதில்லை. சிலரோ அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநில நீர்வளத் துறை இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாக நிர்வாகத்துக்கே பயன்படுத்தி வருகிறது. அதற்கு அடிப்படை, ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆலன் குழுவினர் உருவாக்கிய 'மெட்ரிக்' முறை. இத்தகைய கணக்கைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: செயற்கைக்கோள் வயலில் உள்ள தண்ணீரைப் பார்க்கிறது.

அது பார்ப்பது ஒளியையும் சூட்டையும்தான். லாண்ட்சாட் செயற்கைக்கோள் காலை பத்து மணி வாக்கில் மேலே கடக்கும்போது நிலப்பரப்பின் வெப்பநிலையைப் பதிவு செய்கிறது. தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும்; மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். வயலில் தங்கும் வெயிலின் ஆற்றலிலிருந்து மண்ணுக்குள் இறங்கியதையும் காற்றைச் சூடாக்கியதையும் கழித்தால், மிச்சம் நீரை ஆவியாக்கப் போனது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் தேவை.

காற்றைச் சூடாக்கியது எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அதற்காக மெட்ரிக் முறையில் ஒரே படத்தில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: நீர் பாய்ந்து செழித்த வயல் ஒன்று, ஈரமே இல்லாத வெற்று நிலம் ஒன்று. மற்ற வயல்களை இவ்விரண்டையும் வைத்தே மதிப்பிடுகிறார்கள். அந்தத் தேர்வு பிசகினால் மொத்தக் கணக்கும் பிசகிவிடும்.

நம்பிக்கை: பச்சையாக இருந்தால் நன்றாக நீர் குடிக்கிறது.

தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததும் பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நிறம் மாறச் சில நாள் ஆகும்; இலையின் சூடு அன்றைக்கே ஏறிவிடும். ஆனால் லாண்ட்சாட் 8-ஐ முதலில் இந்தச் சூட்டை அளக்கும் வெப்பக் கருவி இல்லாமலே அனுப்பத் திட்டமிட்டிருந்தார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநில நீர் நிர்வாகிகள் விடாமல் வலியுறுத்திய பிறகே அது சேர்க்கப்பட்டது.

நம்பிக்கை: பம்பு இறைத்த தண்ணீரும் இந்தக் கணக்கும் ஒன்றே.

எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்வது இந்த எண்ணம்தான். படம் சொல்வது ஆவியாகிப் போன நீரை மட்டும். இறைத்ததில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி மறுபடி நிலத்தடிக்கே போகும்.

ஐடஹோவின் கிழக்கு ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாய்க்கால் நீரை வயலில் தாராளமாகப் பாய்ச்சினார்கள். உள்ளே இறங்கிய நீரால் நிலத்தடி மட்டம் உயர்ந்தது. தௌசண்ட் ஸ்பிரிங்ஸ் பகுதி ஊற்றுகள் பெருகின. அவற்றை நம்பி மீன் பண்ணைகள் வளர்ந்தன. 1950-களுக்குப் பின் ஆழ்கிணறுகள் பெருகின. பாசனமும் தெளிப்பு முறைக்கு மாறியது. ஊற்றுகள் சுருங்கின. மேட்டு நிலத்தில் வீண் என்று எண்ணிய தண்ணீர் பள்ளத்தில் இன்னொருவரின் பிழைப்பாக இருந்தது.

ஆகவே தெளிப்போ சொட்டோ போட்டதும் தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடக் கூடாது. இறைப்பது குறையலாம், பயிர் ஆவியாக்குவது குறையாமலே இருக்கலாம். மிச்சமானதை வைத்துக் கூடுதல் ஏக்கரில் பயிர் வைத்தால் மொத்தச் செலவு ஏறவே செய்யும். மோட்டாரில் மீட்டர் வைத்தாலும் இது தெரியாது, படத்தில் தெரியும்.

நம்பிக்கை: செயற்கைக்கோள் தினமும் அளக்கிறது.

லாண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் மேகம் இல்லாவிட்டால்தான் பயன். இடைநாட்களை வானிலை நிலையத் தரவால் நிரப்புகிறார்கள்.

நம்பிக்கை: எந்த வயலுக்கும் துல்லியம்.

அமெரிக்காவில் 2021-இல் தொடங்கிய 'ஓப்பன் இ.டி.' என்ற திட்டம் ஆறு கணக்கு முறைகளைச் சேர்த்துப் பார்க்கிறது. களக் கருவிகளோடு ஒப்பிட்டதில் விளைநிலங்களின் மாதக் கணக்கில் அதன் பிழை சராசரியாகச் சுமார் 17 சதவீதம். அங்கே வயல்கள் பெரியவை. லாண்ட்சாட் வெப்பப் படத்தின் ஒரு கட்டம் 100 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். நம் ஊரில் அதற்குள் நெல்லும் வாழையும் களத்துமேடும் சேர்ந்தே கிடக்கும். ஒரு பெரிய ஆயக்கட்டின் மொத்தக் கணக்குக்கு இந்தப் படத்தை நம்பலாம். அரை ஏக்கர்க்காரருக்கு இதைக் காட்டித் தண்ணீரை நிறுத்துவது நியாயமாகாது.