சூரிய மின்தகடு கொள்முதலும் நிறுவுநர் பதிவும்

கூரையின் மேல் மின்சாரம் விளைவிக்கும் தொழிலைப் பற்றி நம் அங்கத்தினர்கள் பலரும் வினவி வருகின்றனர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஊரில் இருக்கும் தம் பிள்ளைகளை இத்தொழிலில் இறக்கலாமா என்று நெசவாளர்கள் கேட்கின்றனர். சங்கமே தகடுகளை மொத்தமாக வாங்கி உறுப்பினர்க்குப் பொருத்தித் தரலாகாதா என்று உழவர்கள் கேட்கின்றனர். இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே. நல்ல தகட்டை வாங்கத் தெரிதல் வேண்டும்; அதைப் பொருத்தும் உரிமை பெறுதல் வேண்டும். இவ்விரண்டில் எது குறைந்தாலும் நட்டம் அங்கத்தினர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுதல் நேர்மை. எல்லாருக்கும் இத்தகடு இலாபம் தருவதன்று. 2023 மார்ச்சு முதல் தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதத்திற்கு 300 யூனிட்டும், விசைத்தறியாளர்க்கு 1,000 யூனிட்டும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும் கைத்தறிக் குடும்பம் கடன் பட்டுக் கூரையில் தகடு போடுவதில் பயனில்லை. இலவச இணைப்பில் மோட்டார் ஓட்டும் உழவர்க்கும் இதே கணக்குத்தான். இரு மாதத்திற்கு 500, 600 யூனிட் செலவாகும் வீடுகள், சாயப்பட்டறை, சங்கக் கிடங்கு, எல்லை கடந்து ஓடும் தறிக்கூடம் இவற்றிற்கே இது பொருந்தும். இதை மறைத்து விற்கப் புகும் நிறுவுநர் இரண்டாம் ஆண்டில் ஊருக்குள் நடமாட முடியாது.

இனித் தகட்டிற்கு வருவோம். கடைவீதியில் சோலார் பேனல் என வழங்கும் இப்பொருளின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 40-ஆம் நம்பர் நூல் என்று கட்டின் மேல் எழுதியிருந்தாலும் எடை போட்டுப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை அல்லவா? அதே கண்ணோடு இச்சீட்டையும் படித்தல் வேண்டும். 540 வாட் என்று அதில் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழுந்து, தகட்டின் மின்கலமும் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. சித்திரை மாதத்து நண்பகலில் சேலத்துக் கூரையில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? தகடு 65 டிகிரி வரை காயும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 விழுக்காடு குறையும் தகடாயின், 40 டிகிரி மிகுதிக்கு 14 விழுக்காடு போய்விடும். 540 என்பது 464 வாட் அளவில் நிற்கும். இது தகட்டின் குற்றமன்று, இயல்பு. ஆயினும் இந்த வெப்பக் குறைவு எண் தகட்டுக்குத் தகடு வேறுபடும். நம் நாட்டு வெயிலுக்கு அந்த எண் சிறியதாக உள்ள தகட்டையே தேர்ந்தெடுத்தல் நலம். விலையை மட்டும் விசாரித்து இதைக் கேளாமல் வருவோரே மிகுதி.

அடுத்து, சர்க்காரின் பட்டியல். அங்கீகரிக்கப்பட்ட மாதிரிகளும் உற்பத்தியாளர்களும் அடங்கிய பட்டியலொன்றை வைப்பதற்கு மத்திய புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2019-இல் உத்தரவிட்டது. வியாபாரிகள் இதை ஏ.எல்.எம்.எம். என்பர். இடையில் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இவ்வுத்தரவு 2024 ஏப்ரல் 1 முதல் மீண்டும் செயலுக்கு வந்தது. தகட்டினுள் இருக்கும் மின்கலங்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு என்றும், அது 2026 ஜூன் 1 முதல் நடைமுறையாகும் என்றும் 2024 டிசம்பரில் உத்தரவாயிற்று. பட்டியலில் உற்பத்தியாளர் பெயர் மட்டும் இருந்தால் போதாது; சீட்டில் உள்ள மாதிரி எண் எழுத்துக்கு எழுத்து அங்கே இருத்தல் வேண்டும்.

பலரும் இடறுவது இதற்கு அடுத்த படியில். பட்டியலில் உள்ள தகடு இந்தியாவில் செய்யப்பட்டதாயினும் அதன் மின்கலம் அயல்நாட்டதாக இருக்கலாம். மானியம் பெறும் வீட்டுக் கூரைக்கு அது உதவாது. பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அதன்படி முதல் இரண்டு கிலோவாட்டிற்குக் கிலோவாட்டுக்கு ரூ.30,000-ம், மூன்றாவதற்கு ரூ.18,000-ம், ஆக மேல் எல்லையாக ரூ.78,000-ம் வீட்டுக்காரர்க்கு மானியம் உண்டு. அதற்கு மின்கலமும் தகடும் இரண்டுமே உள்நாட்டில் செய்தவையாதல் வேண்டும். டி.சி.ஆர். தகடு என்பது இதுவே. மற்றதைவிட இதன் விலை கூடுதல். சபலம் பிறக்கும் இடமும் அதுவே.

நாம் நேரில் அறிந்த ஒரு சங்கத்தில் நடந்ததைக் கூறுகிறோம். மூன்று வீடுகளுக்கு வேண்டிய தகடுகளை ஒரு வியாபாரியிடம் பாதித் தொகை முற்பணம் கொடுத்து வாங்கினர். லாரி வந்தது, சீட்டும் பட்டியலும் ஒத்திருந்தன, எல்லாரும் மகிழ்ந்தனர். தொடர் எண்களை எவரும் சரிபார்க்கவில்லை. விண்ணப்பம் ஏற்றும் நாளில்தான் மின்கலம் அயல்நாட்டது எனத் தெரிந்தது. மூன்று வீட்டு மானியம் ரூ.2,34,000 கேள்விக்குறியாயிற்று. விலைச் சீட்டில் டி.சி.ஆர். என்ற சொல்லே இல்லாதபடியால் வியாபாரியைக் கேட்கவும் வழியில்லை. முடிவில், மானியத்திற்கு இடமில்லாத தன் கிடங்குக் கூரைக்கு அத்தகடுகளைச் சங்கமே எடுத்துக்கொண்டு, வீடுகளுக்கு வேறு வாங்கித் தந்தது. அவ்வாண்டுப் பங்கு ஈவு அதில் கரைந்தது. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் இணையதளத்தில் தகட்டின் தொடர் எண்ணைக் கொண்டு இதைச் சரிபார்க்க இப்போது வசதி உள்ளது. ஆகவே கொள்முதல் ஆணையிலேயே ‘உள்நாட்டு மின்கலம்’ என எழுதுவதோடு, தொடர் எண்களின் பட்டியலையும், ஒவ்வொரு தகட்டையும் ஆலையில் ஒளிபாய்ச்சிச் சோதித்த அறிக்கையையும் பெற்ற பின்னரே எஞ்சிய தொகை என்று நிபந்தனை வைத்தல் வேண்டும்.

உற்பத்தியாளரிடம் நேரே வாங்கக் கண்டெய்னர் அளவு வேண்டும். ஒரு சிறு நிறுவுநர்க்கு அது இயலாது. மாவட்ட விநியோகஸ்தரிடம் கட்டுக் கட்டாக வாங்கலாம். ஒரு கட்டில் ஏறக்குறைய 30 தகடுகள் இருக்கும். நான்கைந்து சங்கங்கள் தம் தேவையைச் சேர்த்து ஒரே ஆணையாகக் கொடுத்தால் விலையும் குறையும். சோதனை அறிக்கை கேட்கும் தைரியமும் வரும். நூல் கொள்முதலில் நாம் கண்ட வழிதானே இது! வரியையும் கவனிக்க: 2025 செப்டம்பர் 22 முதல் தகடுகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாயிற்று. பொருளும் பொருத்துதலும் சேர்ந்த ஒப்பந்தமாயின் தொகையில் 70 விழுக்காட்டைப் பொருளாகவும் 30 விழுக்காட்டைச் சேவையாகவும் கொண்டு, சேவைப் பகுதிக்கு 18 விழுக்காடு போடுவர். ஒரு லட்ச ரூபாய் ஒப்பந்தத்திற்கு வரி ரூ.8,900 ஆகும். பழைய விலைப்பட்டியலை நீட்டுவோரிடம் இதை நினைவூட்டுக.

வந்து இறங்கிய சரக்கைக் கையாளுவதில் ஒரு வார்த்தை. தகடு ஏறத்தாழ 28 கிலோ எடை; இரண்டே கால் மீட்டர் நீளம். நம் ஊர் வழக்கப்படி சும்மாடு வைத்துத் தலையில் தூக்கி மாடியேறுவோர் உண்டு. அது கூடவே கூடாது. கண்ணாடி உடையாது, உள்ளே மின்கலத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழும். அன்று ஒன்றும் தெரியாது. ஈராண்டு கழித்து அப்பகுதி சூடேறி விளைச்சல் குன்றும். இருவர் பக்கத்திற்கு ஒருவராகப் பிடித்து, நிமிர்த்தியே கொண்டு செல்லுதல் வேண்டும். மேலே ஏறி மிதித்தலும் ஆகாது.

நிறுவுநர் ஆகும் வழியில் பெருங்குழப்பம் ஒன்று உண்டு. பயிற்சிச் சான்று, மின் ஒப்பந்தக்காரர் உரிமம், திட்டத்தில் விற்பனையாளர் பதிவு ஆகிய மூன்றையும் ஒன்றென்று எண்ணிவிடுகின்றனர். இவை மூன்று வெவ்வேறு வாசல்கள்.

பயிற்சி என்பது ஆளுக்குரியது. 2015 முதல் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் வழியே நடைபெற்ற ‘சூரியமித்ரா’ பயிற்சி 600 மணி நேரம் கொண்டது, தங்கிப் படிப்பது, எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் முதலிய ஐ.டி.ஐ. பிரிவினர்க்கு ஏற்றது. அதில் தேறியவர் தகடு பொருத்தக் கற்றவர் ஆகிறார். ஆனால் தம் பெயரில் வேலை எடுக்கும் உரிமை அதனால் வந்துவிடாது.

மின் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரைக் கொண்டு செய்தல் வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே உள்ள கட்டளை. 2010, 2023 ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. தமிழ்நாட்டில் இவ்வுரிமத்தையும் வயர்மேன், மேற்பார்வையாளர் சான்றுகளையும் வழங்குவது மின் உரிமம் வழங்கும் வாரியம். அதன் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆட்களோடு, மின்காப்பு அளக்கும் மெக்கர், நில இணைப்பு அளக்கும் கருவி முதலியனவும் சொந்தமாக இருத்தல் வேண்டும். இது வீண் சடங்கன்று. 540 வாட் தகடு ஒன்று திறந்த நிலையில் சுமார் 49 வோல்ட் தரும். ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டை நெருங்கும். வெயில் உள்ளவரை அதை அணைக்க முடியாது. நேர்மின்னோட்டமாதலால் இணைப்பு தளர்ந்த இடத்தில் எழும் பொறி வில்போல் நின்று எரியும். வெவ்வேறு கம்பெனி இணைப்பிகளை ஒன்றோடொன்று செருகிவிட்டுப் போவதால் கூரையில் தீப்பற்றுவது உண்டு. இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று.

மூன்றாவது வாசல்தான் நம் இளைஞர்களைத் தடுத்து நிறுத்துவது. மானியத் திட்டத்தில் விற்பனையாளராகப் பதிவு செய்ய, மின் பகிர்மானக் கழகத்திற்கு உறுதிமொழியும் வங்கி உத்தரவாதமும் தரவேண்டும். 2022-இல் வகுத்த எளிய முறையில் அவ்வுத்தரவாதம் ரூ.2.5 லட்சம், ஐந்தாண்டு செல்லுபடியாதல் வேண்டும் என்றிருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் வழங்கும் தொகையைக் கழகத்தில் கேட்டறிந்து கொள்க. பொருத்தியதை ஐந்தாண்டு பராமரிக்கும் பொறுப்பும் நிறுவுநருடையதே. தறிக்காரர் மகன் ஒருவன் பயிற்சி பெறுவான், வயர்மேன் சான்றும் பெறுவான். வங்கியில் வைக்கப் பணம் இல்லாமையால் வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குப் போகிறான். அவன் பொருத்திய தகடுகளுக்கு வேறொருவர் பெயரில் பதிவு இருக்கிறது.

சங்கம் துணை நிற்க வேண்டிய இடம் இதுவே என்பது நம் கருத்து. சங்கமே பதிவு பெற்று, உரிமமும் சான்றும் உடைய உறுப்பினர் மக்களை வேலைக்கு அமர்த்தலாம். அதற்குத் துணைவிதிகளில் இத்தொழில் இடம்பெறுதல் வேண்டும். இல்லையேல் பொதுக்குழுவில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை இயக்குநரே பதிவாளர். குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016-இல் ஆறு உழவர்கள் சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். மிகுதி மின்சாரத்தை யூனிட்டுக்கு ரூ.4.63 வீதம் 25 ஆண்டுக்கு வாங்க மின் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. ஆறு பேர் தனித்தனியே போயிருந்தால் அந்த ஒப்பந்தம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் உத்தரவாதத்தில் வைக்கும் பணம் அங்கத்தினர் பணம். வேலை கெட்டால் அதுவே முதலில் போகும். ஆதலின் முதலாண்டில் பத்து வீடுகளுக்கு மேல் எடுப்பதில்லை எனக் குழு தீர்மானித்துக் கொள்வது தகும்.

கடைசியாக, வேலை முடியும் வரிசை. வீட்டுக்காரர் தேசிய இணையதளத்தில் தம் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். 10 கிலோவாட் வரையில் தனிச் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டியதில்லை என 2024 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டது. தகட்டின் கூட்டளவு, இன்வெர்ட்டரின் அளவு இரண்டில் எது குறைவோ அதற்கே மானியம். ஆறு தகடு போட்டு 3.24 கிலோவாட் ஆனாலும், இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்தால் ரூ.60,000 தான் கிடைக்கும். பொருத்தி முடிந்ததும் கழகத்தார் பார்வையிட்டு இருவழி மீட்டர் வைப்பர். அதன் பின்னரே மானியம் வரும். அதுவும் நிறுவுநர் கைக்கன்று, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிற்கு. ஆகையால் முழு விலைக்கும் வீட்டுக்காரர் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார் என்பதை, ஏணியைச் சுவரில் சார்த்துமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.