பழைய விண்கலமா? புதிய விண்கலமா?

பொம்மையில் நமக்கு என்ன பாடம்னு கேட்காதீங்க. இருக்கு!

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1978-ல் விண்வெளி வரிசைக் கட்டைகளைக் கொண்டு வந்தது. 1979-ல் வந்த 'கேலக்ஸி எக்ஸ்புளோரர்' விண்கலத்தில் 338 துண்டுகள். 2022-ல் அதையே பெரிதாக்கி 1,254 துண்டுகளில் விட்டார்கள். உடனே பட்டிமன்றம்! "பழசுதான் அழகு, மீதியைப் பிள்ளைகளின் கற்பனை முடிக்கும்" என்பது ஒரு கட்சி. "புதுசுதான் நேர்த்தி" என்பது மறு கட்சி. அன்றைய பொம்மை வீரனின் தலைக்கவசத்தில் தாடைப்பட்டை மெல்லிசு, அடிக்கடி உடைந்தது. பிறகு தடிமனாக்கினார்கள். பழசு எல்லாமே பொன் இல்லை!

என் தீர்ப்பு வேறு. 1979 கட்டையில் இன்றைய கட்டையும் கச்சிதமாகப் பொருந்தும். குமிழ்களின் மைய இடைவெளி 8 மி.மீ.; அது மாறவேயில்லை. குமிழ் சற்றே இறுக்கமாக நுழைவதால்தான் கழலாமல் நிற்கிறது. வகுப்பில் படிக்கும் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் இதுதானே!

கல்வராயன் மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்கு லெகோ ஏது? நுங்கு வண்டிதான். நுங்குக் கூட்டில் குச்சி இறுக்கமாக நிற்கணும்; தள்ளுகிற கவைக்குள் அதே குச்சி தாராளமாகச் சுழலணும். முன்னது இன்டர்ஃபியரன்ஸ், பின்னது கிளியரன்ஸ். ஒரே வண்டியில் இரண்டு ஃபிட்!

2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். 2019 வரை கள்ளக்குறிச்சியும் அந்த மாவட்டம்தான். அவரும் நம்மைப்போல டிப்ளமோ மெக்கானிக்கல்தான் முதலில் படித்தார். பொம்மை எதுவானாலும் சரி, அளவைப் பிடிச்சுக்குங்க நண்பர்களே!