மின் விளையாட்டு மேலாண்மை: ஒரு பட்டப் படிப்பு

கணினியிலும் கைப்பேசியிலும் போட்டியாக ஆடப்பெறும் மின் விளையாட்டுகளை நடத்தும் தொழிலுக்கெனப் பல்கலைக்கழகப் பட்டமே தோன்றிவிட்டது. பிரிட்டனில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2018-இல் இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது. போட்டி அமைப்பும் அதன் வணிகமுமே இத்தகைய படிப்பின் பொருள், ஆட்டம் பயிற்றுவிப்பதன்று. (பெற்றோர் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர்.)

பொருளியல் நோக்கில் ஒரு வேறுபாடு முதன்மையானது. கிரிக்கெட் என்ற ஆட்டத்துக்கு உரிமையாளர் எவருமில்லை. மின் விளையாட்டோ ஒரு நிறுவனத்தின் பதிப்புரிமைச் சொத்து. அதன் இசைவின்றிப் பெரும் போட்டி எதனையும் நடத்த இயலாது. அரசாணையும் சந்தையை ஒரே நாளில் மாற்றிவிடும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பெற்றது. அதன் இந்தியப் பதிப்பு 2021-இல் வெளிவந்து, 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. அதனை மட்டும் நம்பியிருந்த அணிக்கு அவ்விடைவெளிகளில் வருவாய் ஏது?

2025-ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் மின் விளையாட்டை ஏற்று, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அந்நிறுவனங்களின் விளம்பரப் பணத்தை எதிர்பார்த்து வகுத்த பாடத்திட்டம் இனிப் பயன்படாது. சேர விரும்பும் மாணவர், ஒப்பந்தச் சட்டத்துக்கும் கணக்கியலுக்கும் எத்தனை தாள்கள் உள்ளன என முதலில் வினவுதல் வேண்டும். கணினிக் கூடத்தைப் பிறகு பார்க்கலாம்.