முக்கோணத்துக்குள் 5

தண்டலத்தில் எங்கள் பள்ளியின் பழைய குழுப்படம் ஒன்றை ஒட்டும் ஆல்பத்திலிருந்து எடுத்தேன். படத்தின் மேற்பரப்பு தாளோடு உரிந்து, நான்கைந்து முகங்கள் போய்விட்டன. ஆல்பம் வாங்கியது நான்தான்.

ஒன்பதாம் வகுப்பில் கார்பன் பாடத்தோடு இதைச் சேர்த்தேன். நெகிழிப் பொருள்களின் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணை மாணவர்கள் தேடினர். 3 என்றால் பி.வி.சி.; அதை நெகிழவைக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து படத்தில் ஒட்டும், அமிலமும் வெளிவரும். 5 பாலிபுரோப்பிலீன்; படத்துக்குத் தீங்கில்லை.

"எங்கப்பா மெஷின்ல பம்பருக்குப் போடுறதும் அதான் மிஸ்" என்றாள் ஒரு மாணவி.

உறையில் எண் இல்லையா? முகர்ந்து பாருங்கள்; புது ரெக்சின் வாடை வந்தால் வேண்டாம். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. பெயர்களைப் படத்தின் பின்னால் மென்பென்சிலால் எழுதலாம்.

உரிந்த படத்தில் இருந்தவர்கள் யாரென்று ஊரில் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.