சமுதாயக் கல்லூரி: கட்டணம் செலுத்துமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மே, ஜூன் மாதங்களில் கிட்வாய் நகரில் உள்ள எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் ஏதேனும் ஒரு கல்வி நிறுவனத்தின் விளம்பரத் தாளைக் கையில் வைத்திருப்பர். கல்விக் கடன் பிரிவைக் கவனிக்கும் அலுவலன் என்ற முறையில் அத்தாள்களை வரி விடாமல் படிப்பது என் கடமை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் அவ்வாறு ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்தார். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து திருமணமாகித் தில்லிக்கு வந்தவர். கிழக்குக் கிட்வாய் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்பவர். மகள் 12-ஆம் வகுப்பில் தேறியிருந்தாள். மருத்துவ ஆய்வக உதவியாளர் பட்டயப் படிப்பில் சேர அவளுக்கு ரூ. 60,000 தேவைப்பட்டது. நிறுவனத்தின் பெயரிலேயே ‘சமுதாயக் கல்லூரி’ என்ற சொற்கள் இருந்தன. ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் அத்தாளில் குறிக்கப்படவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “நாங்களே சான்றிதழ் தருகிறோம்” என்றார்கள். கடன் வழங்க இயலாது என்று நான் சொன்னதும் அம்மையார், “முன்பணமா இருபதாயிரம் கட்டிட்டோமே சார்” என்று ரசீதை எடுத்து நீட்டினார்.

அந்த ரசீதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் பணம் செலுத்துவதற்கு ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால், பத்து நிமிட உரையாடலில் அந்தத் தொகையைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தப் பத்து நிமிட உரையாடலைத்தான் இக்கட்டுரையில் வாசகர்களுக்கு எழுதித் தருகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்பது யாது?

பட்டப்படிப்புக்குச் செல்ல இயலாதவர்க்கும், படிப்பை இடையில் விட்டவர்க்கும், வேலை பார்த்துக்கொண்டே புதிய திறன் கற்க விரும்புவோர்க்கும், அவர்கள் வாழும் பகுதியிலேயே, குறைந்த கட்டணத்தில், அப்பகுதியில் கிடைக்கும் வேலைக்கேற்ற பயிற்சியை அளிப்பதே சமுதாயக் கல்லூரியின் நோக்கம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கப்பட்ட கல்லூரியை இவ்வகையின் முன்னோடியாகக் கூறுவர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் இப்பெயர் அந்நாடெங்கும் பரவியது.

இந்தியாவில் இம்முயற்சி வேரூன்றியது தமிழ் வழங்கும் பகுதிகளில்தான் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அதற்கு அடுத்த ஆண்டில் சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரியும் இப்பணியைத் தொடங்கின. 1999-இல் சென்னையில் அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் நிறுவிய ஆய்வு மையம், பல மாநிலங்களில் இத்தகைய கல்லூரிகள் தோன்ற வழிகாட்டியது. வாழ்க்கைத் திறன், தொடர்புத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி ஆகியவற்றை ஒரே பாடத்திட்டத்துக்குள் இணைத்தது அம்மாதிரியின் சிறப்பு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகள் வழியாகத் தொழிற்கல்விப் பட்டயங்களை வழங்கியது.

பின்னர் 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய திட்டமொன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது நிறுத்தப்பட்டது. அதன்பின் பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கெனவே இயங்கிவரும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிப் படிப்புகளை நடத்த நிதியுதவி அளித்தது. இவ்வரலாற்றில் வாடிக்கையாளர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் மட்டும் எந்தச் சான்றிதழுக்கும் மதிப்பைத் தருவதில்லை. அதற்குப் பின்னால் நிற்கும் பல்கலைக்கழகமும், நடப்பிலுள்ள அங்கீகாரமுமே மதிப்பைத் தருகின்றன. ஆகவே பின்வரும் ஐந்து கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னரே பணம் செலுத்துதல் நலம்.

முதற்கேள்வி: சான்றிதழில் கையொப்பமிடுபவர் யார்?

சான்றிதழை வழங்குவது பல்கலைக்கழகமா, தன்னாட்சிக் கல்லூரியா, அரசுத் தேர்வு வாரியமா, தேசியத் திறன் மன்றங்களோடு இணைந்த அமைப்பா என்பதை எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலையும், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் தன் இணையதளத்தில் வெளியிட்டுவருகிறது. இரண்டாவது பட்டியலில் தில்லி முகவரிகள் பல இடம்பெறுவது வழக்கமாதலால், தலைநகரில் வாழும் நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

இரண்டாம் கேள்வி: படிப்பு எந்த நிலையைச் சேர்ந்தது?

2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, தொழிற்படிப்புகளைப் படிப்படியான நிலைகளாக வகுக்கிறது. ஒரு நிலையை முடித்தவர் அடுத்த நிலைக்குச் செல்லலாம். பொதுவாக ஆறு மாதப் படிப்புக்குச் சான்றிதழ், ஓராண்டுக்குப் பட்டயம், ஈராண்டுக்கு உயர்நிலைப் பட்டயம், மூன்றாண்டுக்கு பி.வோக். எனப்படும் தொழிற்கல்விப் பட்டம் என்ற வரிசை அமைந்துள்ளது. நீங்கள் சேரும் படிப்பு இவ்வரிசையில் எங்கே நிற்கிறது, முடித்தபின் எங்கே சேரலாம் என்று கேளுங்கள். ‘அடுத்து ஏதுமில்லை’ என்பது விடையானால், அப்படிப்பு அந்த ஒரு வேலையோடு நின்றுவிடும்.

மூன்றாம் கேள்வி: கிரெடிட் சேமிப்பில் வரவாகுமா?

வணிகவியல் படித்த என் போன்றோர்க்கு ‘கிரெடிட்’ என்றால் வரவு என்றே பொருள் தோன்றும். கல்வியிலும் ஏறத்தாழ அதே பொருள்தான். பயின்ற நேரத்துக்கும் பெற்ற தேர்ச்சிக்கும் ஈடாக மாணவர் கணக்கில் வரவு வைக்கப்படும் அலகே கிரெடிட். தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட். ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட்.

இவ்வரவுகளைப் பாதுகாப்பதற்காக 2021 ஜூலையில் ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. இது பணம் வைக்கும் வங்கியன்று. டிஜிலாக்கர் வழியாக மாணவர் தமக்கென ஒரு கணக்கைத் திறக்கலாம். பதிவுபெற்ற கல்வி நிறுவனம் அதில் கிரெடிட்டுகளைச் செலுத்தும். குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்த நேரிட்டாலும், விதிகளுக்குட்பட்டு ஏழு ஆண்டுகள் வரை அவ்வரவு செல்லும். பின்னர் வேறொரு நிறுவனத்தில் சேரும்போது, அந்நிறுவனத்தின் விதிகள் இடம் தந்தால், அதை எடுத்துப் பயன்படுத்தலாம். இங்கே ஒரு நிபந்தனையை மறக்கலாகாது: கணக்கில் வரவு வைக்க மாணவரால் இயலாது, நிறுவனத்தால்தான் இயலும். நிறுவனம் அவ்வமைப்பில் பதிவுபெறாததாயின் மாணவரின் கணக்கு வெற்றுக் கணக்காகவே இருக்கும்.

நான்காம் கேள்வி: கைப்பயிற்சி எங்கே, எவ்வளவு?

பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த முறையில், தொழிற்படிப்பின் ஆண்டு 60 கிரெடிட்டுகளில் 36 திறன் பயிற்சிக்கும் 24 பொதுக் கல்விக்கும் ஒதுக்கப்பட்டன. அதாவது ஐந்தில் மூன்று பங்கு கைப்பயிற்சி. ஆகவே எந்த மருத்துவமனை, எந்தத் தொழிற்கூடம், எந்த விற்பனையகம் பயிற்சிக்கு இடம் தருகிறது என்று பெயரோடு கேளுங்கள். இயன்றால் நேரில் சென்று, முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் கேள்வி: கட்டணத்தை எப்போது, எவ்வாறு செலுத்துவது?

முன்பணம் கேட்கப்பட்டால், சேராவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். கடன் தேவைப்படுவோர், பணம் செலுத்துவதற்கு முன்பே வங்கிக் கிளையை அணுகுதல் நன்று. 2015-இல் வகுக்கப்பட்ட திறன் கடன் திட்டத்தில் ரூ. 5,000 முதல் ரூ. 1,50,000 வரை வழங்கப்பட்டது. 2024 ஜூலையில் உச்சவரம்பு ரூ. 7,50,000 ஆக உயர்த்தப்பட்டது. இத்திட்டத்தில் சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை; பெற்றோர் இணைக் கடனாளராகக் கையொப்பமிடுவர். ஓராண்டுக்கு உட்பட்ட படிப்பாயின் முடித்த ஆறு மாதத்துக்குப் பின்பும், அதற்கு மேற்பட்டதாயின் பன்னிரண்டு மாதத்துக்குப் பின்பும் மாதத் தவணை தொடங்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ரூ. 60,000 கடன், படிப்பு ஓராண்டு, வட்டி 11 விழுக்காடு என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் ஆறு மாத விடுப்புக் காலமும் சேர்ந்து 18 மாதம். அக்காலத்துக்குத் தனிவட்டி மாதம் ரூ. 550; மொத்தம் ரூ. 9,900.

அவ்வட்டியை மாதந்தோறும் செலுத்திவந்தால், அசல் ரூ. 60,000 மட்டுமே நிற்கும். ஐந்தாண்டுத் தவணையில் மாதம் ஏறத்தாழ ரூ. 1,305 செலுத்த வேண்டும்.

செலுத்தாவிட்டால் வட்டி அசலோடு சேர்ந்து ரூ. 69,900 ஆகும். மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 1,520 ஆகிவிடும்.

முழுக் காலத்தையும் கூட்டிப் பார்த்தால் முதல் வழியில் சுமார் ரூ. 3,000 மிச்சம். அதைவிட முக்கியமானது, வேலையின் தொடக்க நாள்களில் மாதந்தோறும் ரூ. 215 குறைவாகச் செலுத்தும் வசதி. ரூ. 550 செலுத்த இயலாத மாதத்தில் இயன்றதைச் செலுத்தினாலும் பயன் உண்டு.

வரவிருக்கும் வாய்ப்புகள்

மாணவர்க்கு: இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை நடைபெறும். ‘ஸ்வயம்’ இணையவழிப் பாடங்களும் அவ்விரு பருவங்களில் தொடங்கும். மாணவரின் கல்வி நிறுவனம் இசைந்தால் அவற்றின் கிரெடிட்டுகளையும் கணக்கில் சேர்க்கலாம். 2020-இல் தோன்றிய தில்லித் திறன் மற்றும் தொழில்முனைவுப் பல்கலைக்கழகம் பட்டய, பட்டப் படிப்புகளை நகரின் பல வளாகங்களில் நடத்துகிறது. படிப்பை முடித்தோர், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் நிறுவனங்களில் மாத உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம்.

ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும்: 2023-இல் தொடங்கிய மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டம், உயர்கல்வி ஆசிரியர்க்குக் குறுகிய காலப் பயிற்சிகளை இணையவழியிலும் அளிக்கிறது. 2022-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படி, தம் துறையில் 15 ஆண்டு அனுபவம் உடைய வல்லுநர்கள், முறையான பட்டத் தகுதி கட்டாயமின்றி, ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற நிலையில் கல்லூரிகளில் கற்பிக்கலாம். பணி ஓய்வு பெற்ற நம் வாடிக்கையாளர்களில் செவிலியர், பொறியாளர், கணக்கர் பலர் உள்ளனர். அவர்களது அனுபவம் இக்கல்லூரிகளுக்குத் தேவை.

மறுப்பும் ஓர் அறிவுரை

வங்கி கடன் மறுக்கும் ஒவ்வொரு படிப்பும் பயனற்றது என்று நான் கூற மாட்டேன். நல்ல தையற்கலைஞரிடமோ மின்பணியாளரிடமோ அங்கீகாரம் ஏதுமின்றித் தொழில் கற்று நன்றாக வாழ்வோர் உண்டு. ஆனால் அங்கே எவரும் பட்டயம் தருவதாகச் சொல்லி அறுபதாயிரம் கேட்பதில்லை. சான்றிதழுக்காகப் பணம் செலுத்தும்போது, அச்சான்றிதழ் பிற இடங்களில் செல்லுமா என்று கேட்பது மாணவரின் உரிமை. வங்கி கேட்கும் கேள்விகளும் அவையே. வங்கி தன் பணத்துக்காகக் கேட்கிறது. அதே விடைகள் மாணவரின் காலத்தையும் காக்கின்றன.

அந்த அம்மையார் அந்த ரூ. 20,000-ஐத் திரும்பக் கேட்டு மும்முறை சென்றார்; கிடைக்கவில்லை. மகள் அவ்வாண்டு ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அடுத்த ஜூன் மாதத்தில் இருவரும் மீண்டும் வந்தனர். இம்முறை கட்டணம் எதுவும் செலுத்தியிருக்கவில்லை. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கல்லூரிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இணைப்பு, நிலை, பயிற்சியிடம், கட்டணம் என்று கட்டம் போட்டு நிரப்பியிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. “இந்தக் கல்லூரியில பயிற்சி எந்த மருத்துவமனையிலன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க சார்” என்றாள். அக்கல்லூரியை நீக்கிவிட்டு, மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கடன் தொகை நேரே கல்லூரியின் கணக்குக்குச் சென்றது. படிப்பை முடித்து இப்போது அவள் பயிற்சிப் பணியில் இருக்கிறாள். படித்த நாள்களில் மாத வட்டி பெரும்பாலும் தவறாமல் வந்தது. தீபாவளி மாதத்தில் மட்டும் சற்றுத் தாமதம்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பிள்ளையோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளையோ ஒரு படிப்பில் சேரவிருந்தால், விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு முதலில் அருகிலுள்ள வங்கிக் கிளைக்கு வாருங்கள். கடன் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் வரலாம். ரசீதோடு வருவதைக் காட்டிலும் கேள்வியோடு வருவது நல்லது.