சோக்டாவ் மகளிரின் வெள்ளிச் சீப்பு

தலைவாரும் சீப்பு வேறு. கூந்தலில் சூடும் சீப்பு வேறு. அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டாவ் மக்களின் மரபு நடனத்தில் பெண்கள் அணியும் வெள்ளிச் சீப்பு இரண்டாம் வகையைச் சார்ந்தது. கைவினைஞர்கள் தகட்டை அறுத்து, அரத்தால் தேய்த்து, உருவங்கள் பொறித்து மெருகேற்றுவர். ‘ஜெர்மன் வெள்ளி’யிலும் இதனைச் செய்வதுண்டு. பெயரில் மட்டுமே வெள்ளி. உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையாகும். சாய்சதுர வேலைப்பாடுள்ள நீண்ட ஆடை, வெண்ணிற முன்னாடை (ஏப்ரன்), மணிமாலை ஆகியவற்றுடன் இச்சீப்பும் சேர்ந்தே நடனக்கோலம் நிறைவுபெறுகிறது.

1830ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இம்மக்கள் மிசிசிப்பித் தாய்நிலத்தை இழந்தனர். பெரும்பாலோர் இன்றைய ஓக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டனர். வழியில் பலர் மாண்டனர். சிலர் மிசிசிப்பியிலேயே தங்கினர். பிரிந்த இரு சாராரிடமும் மரபாடையும் நடனமும் இன்றும் வாழ்கின்றன. ஆகவே, இச்சீப்பை வெறும் அணிகலனாகக் கருதுதல் பொருந்தாது; நிலம் பறிபோன பின்னும் ஓரினம் பறிகொடுக்காத அடையாளங்களுள் இதுவும் ஒன்று.